நோயற்ற கால்நடைகளில் குடியிருக்கும் நோய்க் கிருமிகள்

தொழுவத்தில் அசைபோட்டபடி படுத்திருக்கும் பசுவைப் பார்த்து, அது நோயற்றது என்று சொல்ல வைத்தியர் வர வேண்டியதில்லை. மூக்கு நுனி ஈரமாக இருக்கிறது, தீனி எடுக்கிறது, பால் குறையவில்லை. கொட்டகைக் கோழியும் அப்படித்தான். கொண்டை சிவந்து, இறகு படிந்து, நாள் தவறாமல் முட்டையிடும் கோழியை யாரும் சந்தேகிப்பதில்லை. நோய் கண்ட மிருகத்தை ஒதுக்கிக் கட்ட வேண்டும் என்பது நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக அறிந்த செய்தி. நாம் இங்கே எடுத்துரைக்க விரும்புவது அதனினும் வேறான ஒன்று. எந்த நோயும் இல்லாத மிருகத்தின் குடலிலும் மனிதனை நோயில் தள்ளக்கூடிய கிருமிகள் இருக்கக்கூடும். அவற்றுள் சில, ஆஸ்பத்திரிகளில் உள்ள மருந்துகளுக்கு அடங்காதவையாகவும் இருக்கக்கூடும். முன்னது இயற்கையின் ஏற்பாடு. பின்னது பெரும்பாலும் மனிதர் கையால் நேர்ந்தது. ஆகவே மனிதர் கையால் குறைக்கவும் கூடியது.

இதைப் படித்துவிட்டு மாட்டை விற்றுவிடலாமா என்று எவரும் எண்ண வேண்டாம். குடலில் கிருமி இல்லாத மிருகம் உலகில் இல்லை, மனிதனும் இல்லை. பசு தின்னும் வைக்கோலைப் பாலாக மாற்றுவதில் பெரும் பங்கு அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுடையது. அவை இல்லாவிட்டால் வைக்கோல் போர் பக்கத்திலேயே இருந்தாலும் மாடு பட்டினி கிடந்துதான் சாகும். ஆகவே கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. எந்தக் கிருமி, எவ்வழியாக, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

1885-ஆம் ஆண்டில் தியோடர் எஷரிக் என்ற ஜெர்மானிய வைத்தியர், குழந்தைகளின் மலத்தில் ஒருவகைக் கிருமியைக் கண்டு விவரித்தார். அது இன்று அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலை என்றும், சுருக்கமாக ஈ கோலை என்றும் வழங்குகிறது. மனிதன், பசு, ஆடு, பன்றி, கோழி ஆகிய எல்லோர் குடலிலும் இது குடியிருக்கிறது. இதன் வகைகள் மிகப் பல. பெரும்பான்மை சாதுவானவை. ஒரு சில மட்டும் நஞ்சு சுரக்கும் தன்மையை எப்படியோ பெற்றுக்கொண்டவை. அவற்றுள் பேர்போனது ஓ157 என்ற எண்ணால் குறிக்கப்படும் வகை. 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சரியாக வேகாத மாட்டிறைச்சியை உண்டவர்கள் இரத்தபேதியால் துன்புற்றபோது இது முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது.

இக்கிருமி பசுவின் குடலில் இருந்தும் பசுவுக்கு ஒன்றும் நேர்வதில்லை என்பது விந்தையாகத் தோன்றலாம். காரணம் எளிது. கிருமி விடும் நஞ்சு ஓர் உடலுக்குள் வேலை செய்ய வேண்டுமானால், அது பற்றிக்கொள்ளத்தக்க இடம் அங்கே இரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்க வேண்டும். சாவி இருந்தாலும் பூட்டு இல்லாவிட்டால் திறக்க இயலாது அல்லவா? மாட்டின் குடலின் இரத்தக் குழாய்களில் அந்தப் பூட்டு இல்லை. மனிதனுடைய சிறுநீரகத்திலோ அது நிறைய இருக்கிறது. ஆகவே மாடு சுகமாக அசைபோட, அதே கிருமியைத் தண்ணீரோடு விழுங்கிய குழந்தைக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. மாடு ஆரோக்கியமாக இருப்பதனாலேயே அதன் சாணமும் குற்றமற்றது என்று முடிவு கட்ட இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு சிற்றூரும் ஒரு கிணறும்

இந்தச் செய்தியின் கனத்தைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் உணர வேண்டுமானால், கானடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் உள்ள வாக்கர்டன் என்ற ஊரின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது 5,000 பேருக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த ஊர்; நம் நாட்டின் ஒரு பெரிய கிராமத்துக்குச் சமம். ஊருக்குக் குடிநீர் தந்த கிணறுகளில் ஒன்று ஐந்தாம் எண் கிணறு. 1978-இல் அமைந்தது, அதிக ஆழமில்லாதது. அதைச் சுற்றியிருந்த மண் கனமானதன்று. கீழே இருந்த பாறையில் வெடிப்புகள் இருந்தன. அருகே ஒரு மாட்டுப் பண்ணை இருந்தது. அந்த மாடுகளுக்கு நோயில்லை. பண்ணைக்காரர் எருவை முறைப்படி கையாண்டவர் என்றும், அவர்மீது குற்றம் காண்பதற்கில்லை என்றும் பின்னர் நடந்த விசாரணை கூறிற்று.

2000-ஆம் ஆண்டு மே 8 முதல் 12 வரை அங்கே பெருமழை பெய்தது. வயலில் இட்டிருந்த எருவில் இருந்த கிருமிகள் மழைநீரோடு மண்ணில் இறங்கி, பாறை வெடிப்பின் வழியே கிணற்றை அடைந்தன. அந்நிலையிலும் தண்ணீரில் போதிய குளோரின் கலந்திருக்குமானால் விபரீதம் நேர்ந்திராது. ஆனால் குளோரின் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டியவர்கள் அளக்காமலே குறிப்பேட்டில் ஏதோ ஓர் எண்ணை எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகளாக அவ்விதமே நடந்துவந்தது, ஒன்றும் ஆகவில்லை, ஆகவே அது பழக்கமாகிவிட்டது. தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று ஆய்வுக்கூடம் மே 17-ஆம் தேதி தெரிவித்தும், அச்செய்தி உடனே சுகாதார அதிகாரிகளுக்கு எட்டவில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்ற அறிவிப்பு 21-ஆம் தேதிதான் வெளிவந்தது. ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தனர். 7 பேர் மாண்டனர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் சிறு குழந்தைகள். ஓ157 கிருமியும், கேம்பைலோபேக்டர் என்ற மற்றொரு குடற்கிருமியும் இதற்குக் காரணம் என்று தெரிந்தது. நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையின் அறிக்கை 2002-இல் வெளியாயிற்று. குடிநீர் நிர்வாகம் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளில் அதற்குத் தனி இடம் உண்டு.

நம் ஊர்களில் பேதிக்குக் காரணமாகும் கிருமிகளின் வகை வேறாக இருக்கலாம். ஆனால் எருக்குழியும் கிணறும் அடுத்தடுத்து இருப்பதும், ஐப்பசி மழையில் இரண்டும் ஒன்றாகக் கலப்பதும் நாம் அறியாதவை அல்ல.

மருந்துக்கு அடங்காமை

இனி இரண்டாவது செய்திக்கு வருவோம். ஆண்டிபயாடிக் என்று வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகள் வந்த பிறகு மனிதர் அடைந்த நன்மைக்கு அளவில்லை. பிரசவத்தில் ஜன்னி கண்டு தாய் இறப்பதும், காலில் முள் குத்திய புண் புரையோடி உயிர் போவதும் ஒரு காலத்தில் அன்றாடச் செய்திகள். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் இம்மருந்தை உட்கொண்டால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். எச்சரிக்கை ஒருபுறம் இருக்க, உலகம் வேறு வழியில் சென்றது.

அமெரிக்காவில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டட் என்ற இரு விஞ்ஞானிகள், ஆரியோமைசின் என்ற மருந்தைத் தயாரித்தபின் மிஞ்சிய கசட்டைக் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் கலந்து பார்த்தனர். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. 1950-இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது. அன்று முதல், நோய்க்கு மருந்தாகக் கொடுப்பதைவிட மிகச் சிறு அளவில், நோயற்ற கோழிக்கும் பன்றிக்கும் கன்றுக்கும் நாள்தோறும் மருந்தைத் தீவனத்தில் கலந்து கொடுப்பது வழக்கமாயிற்று. இதற்கு வளர்ச்சி ஊக்கி என்று பெயரிட்டார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

இதனால் என்ன நேரும் என்பதை விவசாயிகளுக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பருத்தி பயிரிட்டவர்கள் காய்ப்புழுவை மறந்திருக்க மாட்டார்கள். முதல் ஆண்டில் ஒரு தெளிப்பில் சாயும் புழு, சில ஆண்டுகள் சென்றபின் ஐந்து தெளிப்புக்கும் அசைவதில்லை. மருந்தைத் தாங்கும் சில புழுக்கள் முதலிலேயே கூட்டத்தில் இருந்தன; மற்றவை மடிய, இவை பெருகின. கிருமிகளிலும் இதுவே நடைபெறுகிறது. வேறுபாடு இரண்டு. புழு ஒரு தலைமுறை பெருகச் சில வாரங்கள் ஆகும். ஈ கோலை ஏற்ற சூழ்நிலையில் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இரண்டாவது வேறுபாடு இன்னும் பெரியது. புழு தன் தாங்கும் சக்தியைத் தன் குஞ்சுகளுக்கு மட்டுமே தரும். கிருமியோ பக்கத்திலிருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் அதைக் கைமாற்றிவிடும்.

ஜப்பானில்தான் இது முதலில் விளங்கிற்று. 1950-களில் அங்கே வயிற்றுக்கடுப்பு நோயாளிகளிடம் எடுத்த கிருமிகள் ஒரே சமயத்தில் நான்கு மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. நான்கையும் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்ளக் காலம் போதாதே என்று ஆராய்ச்சியாளர்கள் வியந்தனர். ஒச்சியாய், அகிபா என்ற இருவர் தனித்தனியே ஆராய்ந்து, 1959-இல் விடை கண்டனர். குடலில் உள்ள சாதுவான ஈ கோலைக்கும் வயிற்றுக்கடுப்புக் கிருமிக்கும் இடையே இச்சக்தி நான்கும் ஒரே மூட்டையாகக் கைமாறுகிறது என்பதே அந்த விடை. அந்த மூட்டையை இன்று பிளாஸ்மிட் என்கிறார்கள். கிருமியின் உள்ளே மிதக்கும் ஒரு சிறு வளையம் அது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மாட்டின் குடலில் இருப்பது எவருக்கும் தீங்கு செய்யாத கிருமியாக இருந்தாலும், அதனிடம் இந்த வளையம் இருக்குமானால் அது வழியில் சந்திக்கும் கொடிய கிருமிக்கு அதைக் கொடுத்துவிட முடியும். சாதுவான ஆள், திருடனுக்கு ஏணி கொடுத்தது போலத்தான்.

பண்ணையில் கொடுக்கும் மருந்து வீட்டு மனிதரைத் தொடுமா என்ற கேள்விக்கு ஒரு நேர்த்தியான பரிசோதனை 1970-களில் நடந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு அருகே ஒரு சிறு பண்ணையில் ஸ்டூவர்ட் லெவி என்ற வைத்தியரும் அவருடைய தோழர்களும், டெட்ராசைக்கிளின் வகை மருந்தைச் சிறு அளவில் கோழித் தீவனத்தில் கலந்து, பண்ணையில் வாழ்ந்த 11 பேரையும் அக்கம்பக்கத்தார் 24 பேரையும் வாரந்தோறும் சோதித்து வந்தனர். தொடக்கத்தில் கோழிகளிடமும் மனிதரிடமும் மருந்துக்கு அடங்காத கிருமி மிகச் சொற்பம். தீவனம் மாற்றிய ஒரே வாரத்தில் கோழிகளின் குடற்கிருமிகள் அநேகமாக முழுவதும் அடங்காதவை ஆயின. ஐந்தாறு மாதத்தில் பண்ணையில் வாழ்ந்தோருக்கும் அது வந்தது. அவர்களிடம் எடுத்த வாரச் சோதனைகளில் நூற்றுக்கு 31 அளவில், குடற்கிருமிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மருந்துக்கு அடங்காதவையாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் இது நூற்றுக்கு 7 அளவே. பண்ணை வீட்டார் மருந்துத் தீவனத்தை உண்ணவில்லை. அதை உண்ட கோழிகளோடு வாழ்ந்தார்கள், அவ்வளவே. கோழிக்குக் கொடுத்தது ஒரு மருந்து மட்டும்; ஆனால் கிருமிகள் பெற்ற வளையத்தில் பல மருந்துகளைத் தாங்கும் சக்தி சேர்ந்தே இருந்தது. 1976-இல் இம்முடிவுகள் வெளிவந்தன. அந்தப் பரிசோதனையில் ஓர் ஆறுதலும் உண்டு. மருந்துத் தீவனத்தை நிறுத்திய ஆறு மாதத்துக்குப் பின், பண்ணையில் இருந்தவர்களில் பெரும்பாலோரிடம் அடங்காத கிருமி காணப்படவில்லை.

கோலிஸ்டின்: கடைசிக் கையிருப்பு

இப்பொழுது நம் நாட்டை நேராகத் தொடும் ஒரு மருந்தைப் பற்றிக் கூறுவோம். கோலிஸ்டின் என்பது 1950-ஐ ஒட்டி ஜப்பானில் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிடமிருந்து பெறப்பட்டது. சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யும் என்பதால் வைத்தியர்கள் அதை நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தனர். மனிதருக்கு வேண்டாததாகிவிட்ட இம்மருந்து பன்றிக்கும் கோழிக்கும் தாராளமாகப் போயிற்று. ஆனால் மற்ற மருந்துகள் ஒவ்வொன்றாகப் பலன் குன்றவே, ஆஸ்பத்திரிகளில் உயிருக்குப் போராடும் நோயாளிக்குக் கடைசி முயற்சியாகக் கோலிஸ்டினையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இரத்தத்தில் அடங்காத கிருமி ஏறிவிட்டால், வைத்தியர் கையில் மிஞ்சியிருப்பது சில சமயம் இது ஒன்றுதான்.

2015-ஆம் ஆண்டு நவம்பரில் சீன விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். கோலிஸ்டினைத் தாங்கும் சக்தியும் வளையத்தில் ஏறிவிட்டது என்பதே அதன் சாரம். அதற்கு எம்சிஆர்-1 என்று பெயரிட்டார்கள். வெட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பன்றிகள் 804-இல் 166-இடமும், கடை இறைச்சி மாதிரிகள் 523-இல் 78-இலும், ஆஸ்பத்திரி நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடமும் அதைக் கண்டிருந்தனர். பன்றியில் அதிகம், இறைச்சியில் அதனினும் குறைவு, மனிதரிடம் மிகக் குறைவு. எங்கே தோன்றி எந்தத் திசையில் நகர்கிறது என்பதை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது. சீன சர்க்கார் 2017-இல் கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் கலப்பதை நிறுத்தியது. அதற்கு முன் அங்கே பன்றிகளிடம் நூற்றுக்கு 34 ஆக இருந்த கோலிஸ்டினுக்கு அடங்காத ஈ கோலை, 2017-18-இல் நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது என்று பின்னர் கணக்கெடுத்தனர்.

இந்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் மிருகங்களுக்கும், கோழிக்கும், மீன் வளர்ப்புக்கும், தீவனக் கலவைக்கும் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரம் முதல் வீட்டுக் கொல்லையில் இருபது கோழி வளர்ப்பவர் வரை எல்லோரும் இதை அறிந்திருக்க வேண்டும். தீவனப் பைக்கும் மருந்துப் பொட்டலத்துக்கும் மேலே அச்சிட்டிருக்கும் வியாபாரப் பெயரைப் படிப்பது போதாது. கீழே சிறிய எழுத்தில் உள்ள சேர்மானத்தைப் படிக்க வேண்டும். படிக்க இயலாதவர் கால்நடை மருந்தகத்துக்கு அப்பையைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

மருந்தை நிறுத்தினால் வருமானம் குறையுமே என்ற கவலை நியாயமானதுதான். கோழி வளர்ப்பவரிடம் பொதுநலம் பேசிவிட்டு அவர் கணக்கை மறந்துவிடுவது முறையாகாது. ஸ்வீடன் 1986-இலேயே வளர்ச்சி ஊக்கி மருந்துகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் தேதியோடு நின்றது. டென்மார்க்கில் பன்றி வளர்ப்போர் 2000-க்கு முன்பே கைவிட்டனர். பால் மறந்த இளங்குட்டிகளிடம் முதலில் பேதி அதிகரித்தது உண்மை. கொட்டகையைச் சுத்தமாகவும் நெரிசலின்றியும் வைத்து, தீவனத்தைச் சீர்செய்து அதைச் சமாளித்தார்கள், தொழில் அழிந்துவிடவில்லை. நெதர்லாந்தில் 2009-க்குப் பின் கால்நடைகளுக்குச் செலவாகும் ஆண்டிபயாடிக் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அங்கும் பண்ணைகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. மருந்து செய்துவந்த வேலையில் பெரும்பகுதியைக் காற்றோட்டமும் உலர்ந்த தரையும் செய்யும் என்பதே நம் கருத்து.

தொழுவத்திலும் கொல்லையிலும்

நோய் வந்தால் மருந்து கொடுக்கவே கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் பொருள் கொள்ளக் கூடாது. மடிவீக்கம் கண்ட பசுவுக்கு வைத்தியர் ஊசி போட்டால் போட்டதே. ஆனால் அவர் ஐந்து நாள் என்று சொன்னால் ஐந்து நாளும் போட வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்திவிட்டு மிச்ச மருந்தைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுப்பது, அடங்காத கிருமியை வளர்ப்பதற்கு மிகவும் சுலபமான வழி. கோமாரியும், கோழிகளின் வெள்ளைக்கழிச்சலும், மாடுகளின் தோல் கழலை நோயும் வைரஸால் வருபவை. ஆண்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது. புண்ணில் வேறு கிருமி ஏறினால் வைத்தியர் அதற்கென மருந்து தரலாம்; அது அவர் முடிவு செய்ய வேண்டியது. இந்நோய்களுக்கு முறையான காப்பு தடுப்பூசியே. தடுப்பூசி போட்ட மந்தைக்கு மருந்துச் செலவே குறைந்துபோகும் என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

ஊசி போட்ட பசுவின் பாலில் மருந்து சில நாட்கள் வந்துகொண்டிருக்கும். எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதை வைத்தியரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் மிச்சம் முழுவதும் போய்விடாது. விற்க முடியாத இந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டிவிடுவது பல வீடுகளில் வழக்கம். வீணாகக் கொட்ட மனம் வராது என்பது நமக்கும் தெரியும். ஆயினும் அவ்விதம் ஊட்டிய கன்றின் குடலில் அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகளே செழிக்கின்றன. கன்று துள்ளி விளையாடும். அதன் சாணத்தில் அவை வெளிவந்துகொண்டிருக்கும். மடிவீக்கத்தின் தொடக்க நிலையில் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்பி வருகிறது. அதற்கு அடங்காமல் காய்ச்சல் கண்டாலோ, பாலில் இரத்தம் வந்தாலோ கால்நடை வைத்தியரை அழைக்கத் தயங்கக் கூடாது.

மிருகம் உண்ட மருந்தில், குறிப்பாக டெட்ராசைக்கிளின் வகையில், பெரும்பகுதி மாறாமலே சாணத்திலும் எச்சத்திலும் வெளியேறுகிறது. ஆகவே பச்சை எருவில் கிருமியும் இருக்கும், மருந்தின் மிச்சமும் இருக்கும். கோழிப் பண்ணையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் எச்சத்தை அப்படியே கீரைப் பாத்தியில் போடுவது நல்லதன்று. குழியிலோ குவியலாகவோ இட்டு, ஈரம் காத்து, கிளறிக் கொடுத்தால் உள்ளே சூடு ஏறும். கையை உள்ளே வைக்க முடியாத அந்தச் சூடு, அதாவது 55 டிகிரிக்குக் குறையாமல் சில நாட்கள் நீடிக்கும் வெப்பம், பெரும்பாலான நோய்க் கிருமிகளை அழிக்கிறது. புறத்தே கிடப்பதை உள்ளே தள்ளிப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் இருப்பது வெந்தும் வேகாததாகவே நிற்கும். மக்கிய எரு பயிருக்கும் நல்லது என்பதை விவசாயிக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு செய்தி. மருந்துக்கு அடங்காத கிருமி நெருப்புக்கு அடங்கும். சோப்புக்கும் குளோரினுக்கும்கூட அடங்கும். பொங்கக் காய்ச்சிய பாலிலும் நன்றாக வெந்த முட்டையிலும் இறைச்சியிலும் இவை பிழைத்திருப்பதில்லை. அபாயம் இருப்பது, பச்சை இறைச்சி நறுக்கிய அரிவாள்மணையில் உடனே வெங்காயம் நறுக்குவதிலும், பால் கறந்த கையோடு குழந்தைக்குச் சோறு ஊட்டுவதிலும்தான்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை சில உண்டு. குடிநீர்க் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் சுற்றி எருக்குழியோ தொழுவமோ எவ்வளவு தூரத்தில் உள்ளது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஐப்பசிக்கு முன்பே நேரில் சென்று பார்த்து, கிராம சபையில் வைத்துப் பேசலாம். கிணற்றுக்குச் சுற்றுச் சுவரும் சாய்தளமும் இல்லாத இடத்தில் முதற்செலவு அதற்கே ஆக வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வளைவு வைத்து வர்ணம் பூசுவது பிறகு ஆகலாம். பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து வைத்தால் அதன் வீரியம் நாளுக்கு நாள் குறையும். காற்றுப் புகாத பாத்திரத்தில், நிழலில் வைக்க வேண்டும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் பவுடரை அளந்து போட்டாலும், பலன் தெரிவது தொட்டியில் அன்று, குழாயின் முனையில். அங்கே ஒரு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். இதைப் பார்க்கும் சிறு கருவி விலை மிக்கதன்று. பள்ளிப் பிள்ளையும் பார்த்துச் சொல்லலாம். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் பார்த்து எழுதுவது சுலபம். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில், அங்கத்தினர் ஒருவர் கூட நிற்க, காலையில் பார்த்து, நிறம் காட்டும் எண்ணையே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மழைக் காலத்தில் இது நாள்தோறும் நடக்க வேண்டும்.